திங்கக்கிழமை கேளு, கண்ணு

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கூடம் மத்தியானமே பாதி காலியாகிவிடும். பிள்ளைகள் இருப்பார்கள். வாத்தியார்களின் உடம்பும் இருக்கும். மனசு மட்டும் மூன்று மணிக்கே மலையிறங்கிப்போய் அடிவாரத்துக் காரவள்ளியில் டீ குடித்துக்கொண்டிருக்கும். நாலு இருபதுக்கு வாசலில் வந்து நிற்கும் பஸ்ஸை விட்டால் அடுத்த வண்டி இருட்டிய பிறகுதான். அதனால் கடைசிப் பீரியடில் பைகள் மேஜைக்கடியில் தயாராக இருக்கும். இளவட்ட வாத்தியார் ஒருவர் முன்னதாகவே ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, டிபன் பை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு எங்கள் அனைவருக்கும் இடம் பிடித்துவிடுவார். பின்னால் வருகிற மலை ஜனங்கள் எங்கள் கைக்குட்டைகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றுகொண்டு வருவார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நானும் ஓடுவேன். மற்றவர்களைவிட வேகமாகவே ஓடுவேன். இடது பக்கம் நான்காவது வரிசை ஜன்னலோரம் எனக்கு. கொண்டை ஊசி வளைவுகளில் அந்த இடத்தில்தான் குமட்டல் குறைவு என்று மூன்று வாரம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருந்தேன். இவ்வளவு பாடுபட்டு நான் எங்கே போனேன் என்று கேட்டால், நாமக்கல்லில் ஒரு சந்துக்குள் இருக்கும் பூட்டிய வீட்டுக்கு. அங்கே எனக்காக யாரும் இல்லை.

நான் அறிவியல் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவ்வளவு பெரிய கதையும் இல்லை. அம்மாவும் நானும் இருந்தோம், அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு கீழே நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியா எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருட இடமாறுதல் கலந்தாய்வில் கொல்லிமலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மலையை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, நான் தவறான வரியில் விரல் வைத்துவிட்டேனோ என்று இரண்டு தடவை கேட்டார்.

இங்கே வந்ததும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. "வீட்டுல யாரெல்லாம்?" என்று கேட்டவர்களிடம், "இருக்காங்க, இருக்காங்க" என்றேன். ஒரு பொய்யைச் சொன்னால் அதைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்கு வாராவாரம் ஒரு பஸ் டிக்கெட் போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை எல்லோரோடும் இறங்குவேன், திங்கட்கிழமை விடியற்காலை வண்டியில் எல்லோரோடும் ஏறுவேன். நடுவில் இருக்கும் இரண்டு நாளும் துணி துவைப்பேன், சத்தத்துக்காக டி.வி.யைப் போட்டுவிடுவேன், சுவரோரமாகக் கிடக்கும் அம்மாவின் கட்டிலைச் சுற்றிக்கொண்டு நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நிம்மதியாக இருக்கும். நாளைக்கு யாராவது "வணக்கம் டீச்சர்" என்பார்கள்.

எங்கள் பள்ளி உண்டு உறைவிடப் பள்ளி. பிள்ளைகள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டுப் படிப்பார்கள். தேவனூர் நாடு, அரியூர் நாடு என்று மலையில் பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புவார்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் ஹாஸ்டலிலேயே கிடப்பார்கள். நானும் பள்ளிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் ஒரு அறையில் இருந்தேன். அதாவது வெள்ளிக்கிழமை நாலு இருபது வரைக்கும்.

நான் மலைக்கு வந்த இரண்டாம் வருடம், பள்ளிக்கு ஒரு ஆசிரியர் வீதம் மாணவர்களின் மனநலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. யாரைப் போடுவது என்று முடிவு செய்த கூட்டத்துக்கு நான் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். உள்ளே நுழையும்போதே எல்லோரும் கைதட்டினார்கள். அப்படிக் கிடைத்ததுதான் 'நலவாழ்வு ஆசிரியர்' பதவி.

கீழே இரண்டு நாள் பயிற்சி. ஏ.சி. அரங்கம், மத்தியானம் நல்ல சாப்பாடு. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது, ஆனால் விஷயம் தெரிந்தவள். ஒரு பிள்ளை பேச வந்தால் கையில் இருப்பதைக் கீழே வை, குறுக்கே பேசாதே, அறிவுரை சொல்லாதே, அடுத்தவர் முன்னால் கேட்காதே என்று சொன்னாள். எல்லாவற்றையும் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் விஷயத்தில் சுரைக்காய் நல்ல சுரைக்காய்தான். சமைக்க வந்தவள்தான் சரியில்லை.

பயிற்சியில் ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் ஐந்து முகங்கள், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. பிள்ளைகள் காலையில் தங்கள் மனசு எந்த முகம் மாதிரி இருக்கிறதோ அதற்கு நேராக ஒரு அடையாளம் வைக்க வேண்டும். நான் செம்மேட்டுக் கடையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வாங்கிவந்து, ஆளுக்கு ஒரு பொட்டு ஒட்டச் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. முதல் நாள் பிரேயர் முடிந்து போய்ப் பார்த்தால் அழுகிற முகத்துக்குக் கீழே பத்துப் பதினோரு பொட்டுகள்.

எனக்குப் பதறிவிட்டது. பதறினால் ஒரு வாத்தியார் என்ன செய்வார்? நான் அதைத்தான் செய்தேன். மைதானத்தில் உட்கார்ந்திருந்த மொத்தப் பள்ளிக்கூடத்தையும் பார்த்து, "அழுற முகத்துல ஒட்டினவங்கள்லாம் எந்திரிங்க" என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. "யார் யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன். இருபது வருடமாகச் சொல்லிப் பழகிய பொய், அது பாட்டுக்கு வாயில் வந்துவிட்டது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒவ்வொருவரிடமும் என்ன கஷ்டம் என்று கேட்டேன். முதல் பையன் யோசித்துவிட்டு, "வயித்து வலிங்க டீச்சர்" என்றான். வரிசையாக அத்தனை பேருக்கும் வயிற்று வலி. உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் எல்லாப் பொட்டும் சிரிக்கிற முகத்துக்குக் கீழே இருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மாதக்கணக்கில் எங்கள் பள்ளியில் ஒரு குழந்தைக்கும் ஒரு வருத்தமும் இல்லை. நான் வாரம் தவறாமல் 'அனைவரும் மகிழ்ச்சி' என்று துறை கொடுத்த மொபைல் ஆப்பில் ஏற்றினேன். தலைமையாசிரியர் என்னைப் பாராட்டிப் பேசினார். நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டுமானால் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், அது எனக்கு எப்போதுமே வராத காரியம்.

நான் சொல்ல வந்த பெண் பத்தாம் வகுப்பு. குண்டூர் நாட்டில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊர். இரண்டு பஸ் மாறி, அதற்கு மேல் நடக்கவும் வேண்டும். அதனால் சனி ஞாயிறுகளில் அவள் ஹாஸ்டலிலேயே இருப்பவள். அவளுக்கு அதே ஊரிலிருந்து ஒரு தோழி உண்டு. இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பில் ஒரே நாளில் வந்து சேர்ந்தவர்கள், பத்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தவர்கள். பொங்கல் லீவுக்குப் போன தோழி திரும்பி வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். நாங்கள் அதைக் கவனிக்காமல் இல்லை. தோழியைப் பற்றி 'இடைநின்றவர்' என்று படிவம் நிரப்பினோம், மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். மிச்சமிருந்தவளைப் பற்றி நிரப்புவதற்குப் படிவம் இல்லை.

பொங்கலுக்குப் பிறகு அவள் வகுப்பில் தூங்க ஆரம்பித்தாள். மார்க் குறைந்தது. ஒருநாள் அவள் மேல் சாக்பீஸை எறிந்து, "தூங்குமூஞ்சி" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் எழுந்து நின்று, "இனிமே தூங்கலீங்க டீச்சர்" என்றாள். அன்று காலையிலும் அவள் பொட்டு சிரிக்கிற முகத்தில்தான் இருந்தது.

பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு, நான் லேப் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பை தோளில் ஏறிவிட்டது. திரும்பினால் கதவருகே அவள் நிற்கிறாள்.

"டீச்சர், ஒன்னு கேக்கோணுங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒளித்துப் பார்க்கவில்லை, அவள் கண்ணெதிரே பார்த்தேன். "பாடத்துலயா?"

"இல்லீங்க."

"அவசரமா?"

அவள் என் பையைப் பார்த்தாள், பிறகு என் செருப்பைப் பார்த்தாள். "இல்லீங்க டீச்சர்."

"அப்ப திங்கக்கிழமை கேளு, கண்ணு" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் பிரியமாகச் சொல்லி, கன்னத்தையும் தட்டிவிட்டு ஓடினேன். எனக்கான கைக்குட்டை நான்காவது வரிசையில் கிடந்தது. வண்டி கிளம்பியதும் பக்கத்து சீட்டு டீச்சர் ஒரு கமலா ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தார். முதல் சில வளைவுகளிலேயே தூங்கிப்போனேன்.

அன்று நாமக்கல் வீட்டைத் திறந்து நான் செய்த காரியம் நன்றாக நினைவிருக்கிறது. வாசல் விளக்கைப் போட்டேன், குளித்தேன், அம்மா இருந்தபோது போலவே இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன். அவ்வளவுதான். இதற்காகத்தான் அந்தப் பிள்ளையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினேன். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் இடம் காலியாக இருந்தது. "வெள்ளிக்கிழமையே ஊட்டுக்குப் போயிருச்சுங்க டீச்சர்" என்றாள் பக்கத்துப் பெண். எனக்கு அப்போதுதான் அந்தக் கதவும், "ஒன்னு கேக்கோணுங்க" என்றதும் ஞாபகத்துக்கு வந்தன. அன்றே கிளம்பியிருக்க வேண்டும். நான் கிளம்பவில்லை. செவ்வாய்க்கிழமை தண்ணித் தொட்டி மேட்டில் ஏறி நின்று அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஒரு பக்கம் கவலை, இன்னொரு பக்கம் நல்லவேளை என்றும் இருந்தது. அங்கே போனால் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்று பயந்தேன். புதன்கிழமை அந்தப் பயத்தைவிட, அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பெரிதாகிவிட்டது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

இரண்டு பஸ் மாறி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே நடந்து போய்ச் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது. அவள் அப்பா வாசலில் தார்ப்பாயை விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டார்.

"வாங்க டீச்சர். நடந்தேவா வந்தீங்க? உக்காருங்க." பால் இல்லாத காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனைவி கேரளாவில் ஒரு எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போயிருக்கிறார் என்றும், வீட்டில் தானும் மகளும்தான் என்றும் சொன்னார்.

"வெள்ளிக்கெழம இருட்டுனதுக்கப்பறம் தனியா வந்து நின்னுச்சுங்க. ஒன்னும் பேச மாட்டேங்குது. சோறும் சரியாத் திங்கல. டீச்சருங்க அடிச்சாங்களான்னு கேட்டேன், இல்லீங்குது." கொஞ்சநேரம் மிளகைக் கையால் பரத்திவிட்டார். "அடிச்சிருந்தீங்கன்னாக்கூடப் பரவால்லீங்க டீச்சர். ரெண்டு நாள்ல சரியாப் போயிருக்கும். இது அப்படித் தெரியலீங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வார செவ்வாக்கெழம இங்கிருந்து கேரளாவுக்கு வேன் போவுதுங்க. அவங்கம்மாகிட்ட அனுப்பிரலாம்னு இருக்கேன். ஆத்தாளப் பாத்தா மனசு தேறுமில்லீங்களா?"

பரீட்சை என்று ஆரம்பித்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பு என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பிள்ளைக்கு முடியவில்லை, தாயிடம் அனுப்புகிறார். நாங்கள் அதைவிடப் பெரிதாக என்ன செய்து கிழித்தோம்? ஆனால் அந்த வேனில் ஏறினால் அவள் பத்தாவது போச்சு, பிறகு திரும்பி வரமாட்டாள். அது அவருக்கும் தெரிந்திருந்தது. "அது படிக்கிற புள்ளதானுங்க" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

பின்னால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார்கள். அடியில் உட்கார்ந்து உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் எழப்போனாள், நான் வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குச் சும்மா இருக்க வராது. நானும் இரண்டு மிளகு பொறுக்கினேன். பிறகு பயிற்சி நோட்டில் இருந்த கேள்விகளைக் கேட்டேன். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா. எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியாக, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டேன்.

அவள் இன்னொரு மிளகைப் பொறுக்கினாள். "சாவோணும்னெல்லாம் இல்லீங்க டீச்சர். காலைல எந்திரிக்கோணும்னுதான் தோண மாட்டேங்குது."

"எப்போ இருந்து?"

"அவ போனதுல இருந்துங்க." தோழியைச் சொன்னாள். "சனி ஞாயிறு பெரிய புள்ளைங்க எல்லாம் ஊட்டுக்குப் போயிருவாங்க. நானும் நாலஞ்சு குட்டிப் புள்ளைங்களுந்தான். அதுங்க தூங்கிரும். எனக்குத் தூக்கமே வராதுங்க. பக்கத்துல பாய் வெறுமனே கெடக்கும்."

அம்மாவின் கட்டில் ஞாபகம் வந்தது.

"வெள்ளிக்கிழமை என்ன கேக்க வந்த, சாமி?"

"விடுங்க டீச்சர்."

"சொல்லு."

கையிலிருந்த மிளகையெல்லாம் பாவாடை மடியில் போட்டாள். "சனி ஞாயிறு உங்க ரூமுல வந்து படுத்துக்கட்டுங்களான்னு கேக்க வந்தேனுங்க. ஒரு ஓரமாத்தான்."

"நான்தான் ஊருக்குப் போயிடுவேனே?"

"ஆமாங்க. போவாம இருப்பீங்களான்னுந்தான் கேக்கோணும்னு இருந்தேன்."

இவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பஸ் வருவதற்குப் பத்து நிமிடம் இருந்தது.

"இந்த வாரம் நான் போகலை. நீ வா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அதில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை. "அவளும் பொங்க முடிஞ்சதும் வாரேன்னுதாங்க சொன்னா" என்றாள்.

வெள்ளிக்கிழமை நாலு இருபது வண்டி வந்து நின்றது. நான் வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியாக எல்லோரும் தலையை நீட்டி, "என்ன டீச்சர், வரலையா? வீட்டுல தேடுவாங்களே?" என்றார்கள். "வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல அப்போதும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் இடத்தில் ஒரு கிழவர் கோழிக்கூடையோடு உட்கார்ந்துகொண்டார், வண்டி போய்விட்டது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. காலையில் மூடிய பனி பத்து மணி வரை விலகவில்லை. ஹாஸ்டல் பக்கத்திலிருந்து குட்டிப் பிள்ளைகளின் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. நான் அறையைப் பெருக்கினேன். மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்கு உப்புமா கிளறினேன். பத்து மணி பஸ் வந்தது, அவள் அதில் வரவில்லை. ஒரு மணி பஸ்ஸிலும் வரவில்லை. மத்தியானத்துக்குமேல் எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கு இப்படி இருக்கிறது, அவள் இதை எத்தனை வாரம் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததும் இன்னும் மோசமானது.

மூன்று மணி வாக்கில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் அப்பா மட்டும் வந்திருந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றார்.

"புள்ள எங்கங்க?" என்றேன்.

"ஊட்டுல இருக்குதுங்க. நீங்க இருக்கீங்களான்னு பாத்துட்டு வரச் சொல்லுச்சு."

"இருக்கேன்."

"பாத்துட்டேனுங்க. அப்ப வாரேனுங்க." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு முதலில் சுறுக்கென்று கோபம் வந்தது. நான் என்ன திருடியா, ஆள் விட்டுச் சரிபார்ப்பதற்கு? உப்புமாவை மூடிவைத்துவிட்டு அறைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். நாலைந்து தடவை நடந்த பிறகு கோபம் அடங்கிவிட்டது. நானாக இருந்தாலும் ஆள் அனுப்பித்தான் பார்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அதே மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவள் வந்தாள். மடியில் புத்தகப்பை, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை வேன் அவளில்லாமல் போனது. நாங்கள் மூன்று பேருமாகக் கீழே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல டாக்டரைப் பார்த்தோம், மாதாமாதம் போனோம், கொஞ்ச காலம் மாத்திரை இருந்தது. பரீட்சை எழுதினாள். சில நாள் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பாள், சில நாள் என்னைவிட முன்னால் எழுந்து காப்பி போடுவாள். முகங்கள் போட்ட அட்டையை நான் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். பேச வருகிற பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கிறேன். எல்லோரும் வருவதில்லை. நான் எழுந்து நிற்கவைத்த அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட இன்றுவரை வந்ததில்லை.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அவள் உள்ளே வந்து பையை மூலையில் வைத்தாள். அவள் அப்பா வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழத்தை வாங்கி வைத்துவிட்டு, நாலைந்து நாளாக மனசுக்குள் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"இத்தன டீச்சர் இருக்காங்க, வார்டன் இருக்காங்க. எங்கிட்ட வந்து ஏன் கேக்கணும்னு தோணுச்சு? நலவாழ்வு டீச்சர் நான்தான்னு வந்தியா?"

அவள் விழித்தாள். அப்படி ஒரு பதவி இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"அதில்லீங்க டீச்சர்." சொல்லலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். "திங்கக்கெழம பஸ்ஸ உட்டு எறங்குனதும் எல்லா டீச்சரும் தண்ணித் தொட்டி மேட்டுக்குப் போயி நின்னு ஊட்டுக்குப் போன் போடுவாங்கல்லங்க, வந்து சேந்துட்டேன்னு?"

உண்மைதான். பள்ளியில் அந்த மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வாராவாரம் ஏழெட்டுப் பேர் அங்கே நின்று, வந்துட்டேன், சாப்பிட்டாச்சா, வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"நீங்க மட்டும் நேரா ரூமுக்குப் போயிருவீங்க. மொதல்ல உங்ககிட்ட போனு இல்லைன்னு நெனச்சோமுங்க. அப்பறந்தான் சொல்றதுக்கு ஆளில்லைன்னு தெரிஞ்சுது."

"நெனச்சோம்னா... யாரெல்லாம்?"

"ஆஸ்டல்ல எல்லாருக்குந் தெரியுமுங்க. குட்டிப் புள்ளைங்களுக்குக்கூடத் தெரியும்." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா யாரும் கேட்டதில்லீங்க டீச்சர். டீச்சருக்குச் சங்கடமா இருக்கும், ஆரும் கேக்கக் கூடாதுன்னு அப்பவே பேசி வெச்சுக்கிட்டோம்."

இரண்டு வருடம். இரண்டு வருடமாக அத்தனை பிள்ளைகளும் திங்கட்கிழமை தோறும் நான் பையோடு அறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், பார்த்தும் "வணக்கம் டீச்சர்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுந்து நிற்கவைத்தவர்களும்தான்.

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. நிறுத்த முயன்றேன், முடியவில்லை. அவள் என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. வாசலில் நின்றிருந்த அப்பாவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்து, மூலையில் அவள் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.